இருபதாவது கிலோமீட்டர்

செம்மறி என்றால் கவலை இல்லை.
வளைவில் தானாகச் சாயும்,
பயந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.
இதற்கு அதெல்லாம் தெரியாது.
இருநூற்று முப்பது கிலோ.
கிளட்ச் எரிந்து
பாஹோ கராகோலெஸ் பெட்ரோல் பங்கில்
மூன்று நாளாக ஒற்றைக் காலில் நின்றது.
பக்கத்தில் அதன் சொந்தக்காரன் ரெட்டோ,
சுவிட்சர்லாந்துக்காரன்,
மூக்குத் தோல் உரிந்து.

பிக்கப்பைக் காட்டினான், பைக்கைக் காட்டினான்,
கைகளைக் கூப்பினான்.
கம்பளி மூட்டைகளை வடக்கே இறக்கிவிட்டு
வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன்.
கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை மட்டும்.
ஏற்று என்றேன்.

பலகையைச் சாய்த்து
நானும் அவனும் பங்க்கார இபார்ராவும் தள்ளினோம்.
காற்று யார் பக்கமும் சேராமல்
எல்லோரையும் தள்ளியது.

பிறகுதான் வழக்கு.
அவனிடம் நான்கு பட்டைகள், புத்தம் புதியவை,
ராட்செட் பற்களில் கடை எண்ணெய் காயவில்லை.
கிர்ரக் கிர்ரக்கென்று
முன் ஸ்பிரிங் அடியில் முட்டும்வரை இறுக்கினான்.
போதும் என்றேன்.
'இன்னும்' என்றான்.
எங்கள் மொழியில் அவனுக்குத் தெரிந்தது
எண்கள், சாப்பாடு, அப்புறம் அந்த ஒரு சொல்.

என்னைக் கட்டியவனுக்கும் இதே கைதான்.
இறுக்கிக்கொண்டே இருந்தான்.
ஒன்பது வருடம் ஆயிற்று,
கொக்கி பிடுங்கிக்கொண்டு.
இதை ரெட்டோவிடம் எந்தச் சைகையில் சொல்வது?

இரண்டு பல் தளர்த்தினேன்.
முன் சக்கரத்துக்கும் கேபினுக்கும் நடுவே பழைய டயர்,
மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கட்டை,
பட்டை உரசும் இடத்தில் கிழிந்த சாக்கு.
ஸ்டாண்டை மடக்கினேன்.
அவன் அலறினான்.
தன் காலையும் நம்பி எங்கள் கட்டையும் நம்பினால்
முதல் குழியில் இரண்டும் சண்டை போடும்,
விழுவது வண்டி.
கடைசியாக ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு முறுக்கு.
தட்டையாக விட்டால் இந்தக் காற்றில் ஊளையிடும்,
முறுக்கினால் வாய் மூடும்.
அவனோ அதைப் பிழை என்று நினைத்து
ஒவ்வொன்றாய் நேராக்கப் போனான்.
புறங்கையில் ஒன்று வைத்தேன்.

இருபதாவது கிலோமீட்டரில் நிறுத்தினேன்.
அங்கே ஒன்றும் இல்லை, கல்லும் முட்புதரும்.
ஆனால் இங்கே சரக்கு ஏற்றும் யாரும்
முதலில் நிறுத்தும் தூரம் அதுதான்.
பைக் உட்கார்ந்திருந்தது,
பட்டைகள் நெகிழ்ந்திருந்தன.
நானே இரண்டு பல் இறுக்கினேன்.
'பார்த்தாயா' என்று அவன் முகம் விரிந்தது.
அதே இரண்டு பல்தான்.
பங்கில் தப்பு, இங்கே சரி.
அதை விளக்க எனக்கே மொழி போதவில்லை.

அதன்பின் அவன் சாலையைப் பார்க்கவே இல்லை.
இருக்கையில் பாதி திரும்பி
பின்கண்ணாடி வழியே பைக்கையே பார்த்து வந்தான்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல்.

ஐம்பதோ அறுபதோ தாண்டியிருப்போம்.
வேலியைத் தாவி ஒரு குவானாக்கோ,
ஒட்டகத்துக்குப் பிறந்த மான் மாதிரி,
நடுச்சாலையில் நின்று எங்களை யோசித்தது.
பிரேக்கை மிதித்தேன்.
சரளை மழையாய்த் தெறித்தது.
பின்னால் பைக் ஒருமுறை தலைகுனிந்து
பழையபடி நிமிர்ந்தது.
முன்னால் ரெட்டோவின் காது
கண்ணாடியில் நட்சத்திரம் போட்டது.

நான்கு பட்டை, எட்டுக் கொக்கி,
டயர், கட்டை, சாக்கு எல்லாம் பார்த்தோம்.
தோளருகே தொங்கிய பெல்ட்டை
இரண்டு பேருமே பார்க்கவில்லை.

காதைப் பொத்திக்கொண்டு இறங்கி
முதலில் பைக்கைத்தான் தடவினான்.
திரும்ப ஏறியதும் குறுக்கே கை நீட்டி
பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன்.
போதுமா என்றேன்.
'இன்னும்' என்றான்,
சிரிக்காமல்.

கிரெகோரெஸ் வரை பேசவில்லை.
வலப்பக்கப் பட்டை ஒன்று மட்டும்
மேற்குக் காற்றில் ஊளையிட்டுக்கொண்டே வந்தது.
எப்போது நேராக்கினான் என்று தெரியவில்லை.
நானும் நிறுத்தவில்லை.